ஏழாம் இலக்கக் கடையின் இரண்டு பூட்டுகள்

1. ஒன்பது பலகைகள்

வேலைக்குச் சேர்ந்த நாலாம் நாள் காலை, தையற்கடைப் பவானி அக்கா ஒரு பலகையைக் கையில் தூக்கிக்கொண்டு என் கந்தோர் அறைக்குள் வந்தார். அது முதல் நாள் நான் மாட்டுவித்த பலகை. "கடை வாடகைக்கு உண்டு" என்று சிவப்பில் எழுதி, காலியாகக் கிடந்த ஒன்பது கடைகளின் ஷட்டரிலும் ஒவ்வொன்று தொங்கவிட்டிருந்தேன். செய்த வேலையில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"பிள்ளை, இதை ஆர் கொழுவினது?"

"நான்தான் அக்கா."

"நேற்றுப் பின்னேரம் ரெண்டு பொம்பிளையள் வந்து, தைக்கக் குடுத்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போட்டினம். 'எல்லாக் கடையும் பூட்டப் போகுதாமே, நீங்களும் போயிட்டால் எங்கட துணிக்கு ஆர் பொறுப்பு' எண்டு கேக்கினம். ஒரு பலகை எண்டால் பரவாயில்லை. வரிசையா ஒன்பதைக் கொழுவி வச்சால் சனம் என்னெண்டு நினைக்கும்?"

அன்று மத்தியானத்துக்குள் ஒன்பதையும் நானே கழற்றினேன். வேலையில் நான் படித்த முதற் பாடம் அது.

அதற்கு முன் நான் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். அரிசி, சோப்பு, கட்டில் விரிப்பு என்று எண்ணி வைக்கத் தெரியும். கடைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அருளம்பலத்தார் என்ற பெரியவர் தன் கடைத்தொகுதிக்கு மேற்பார்வையாளர் தேவை என்று சொன்னபோது, திருகோணமலை நகருக்குள் வேலை, பஸ் செலவு குறையும் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன்.

படகுத்துறை ஜெட்டியிலிருந்து நகருக்குள் போகும் தெருவில் ஒரே வரிசையாகப் பதினாறு கடைகள். முன்னால் நீளமான ஒரு விறாந்தை. மூதூர் லோஞ்ச், அதாவது பயணிகள் படகு, ஓடிய காலத்தில், ஒவ்வொரு தடவையும் கரையில் இறங்கும் சனம் முழுதும் இந்த விறாந்தையால்தான் நகருக்குள் நடந்து போகும். பாலங்கள் திறந்த பிறகு மூதூர்ச் சனம் கிண்ணியா வழியாக பஸ்ஸில் வந்து பஸ் நிலையத்தில் இறங்கத் தொடங்கியது. பாலத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. காய்ச்சல்காரப் பிள்ளையோடு லோஞ்சுக்குக் காத்து நின்ற தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். ஆனால் பஸ் நிலையத்தில் இறங்கியவர் எவரும் எங்கள் பக்கம் வரவில்லை. கடைகள் ஒவ்வொன்றாக மூடின.

பலகை விஷயம் அருளம்பலத்தாரின் காதுக்கும் போயிருந்தது. அவர் கோபிக்கவில்லை. கதிரையில் சாய்ந்திருந்து சொன்னார்:

"கொழும்பிலயிருந்து ஒருத்தர் முழு வரிசையையும் கேக்கிறார், தங்கச்சி. சீமெந்துக் களஞ்சியம் ஆக்கப் போறாராம். பொங்கல் மட்டும் பொறுக்கச் சொல்லியிருக்கிறன். அதுக்குள்ள ஏதேனும் சனநடமாட்டம் வந்தால் நான் விக்கயில்லை. வராட்டில் வித்துப்போட்டுச் சும்மா இருப்பன். எனக்கும் வயசு போயிட்டுது."

அப்போது ஆனி மாதம். பொங்கலுக்கு ஏழு மாதம் இருந்தது.

இதைப் பவானி அக்காவிடம் சொன்னேன். களஞ்சியம் வந்தால் வீட்டில் வைத்துத் தைக்கலாம்தானே என்று ஆறுதலாகவும் கேட்டேன்.

"என்ர வீடு ஒழுங்கைக்குள்ள மூண்டாம் வளைவு. ஆர் தேடி வருவினம்? வீட்டில மருமகன் இரவு வேலை முடிச்சு வந்து பகல் முழுக்க நித்திரை. மெசின் மிதிக்க ஏலுமோ?"

அவர் திரும்பிப் போய் மெசினில் இருந்தார். எனக்கு அந்த வேலை வெறும் வேலையாக இல்லாமல் போனது அந்தக் காலையிலிருந்துதான்.

2. வெறுங்கடையைத் திறந்து வைத்தேன்

பலகை சரிவராது என்றானபின் வேறு ஒன்று செய்தேன். ஒவ்வொரு நாள் காலையும் எட்டரைக்கு, காலிக் கடைகளின் ஷட்டர்களைத் தூக்கிவிட்டேன். கிறீஸ் பூசி, ஒட்டடை அடித்து, தரையைக் கழுவி, லைட்டையும் போட்டுவிட்டேன். உள்ளே ஒரு சாமானும் இல்லை. பின்னேரம் ஐந்தரைக்குத் திரும்ப இழுத்து மூடுவேன். முதற் கிழமை கை இரண்டும் கொப்பளித்துவிட்டன.

தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மூடிக் கிடந்தபோது ஒருவரும் திரும்பிப் பார்க்காத இடம் அது. இரண்டாம் கிழமை, வெயிலுக்கு ஒதுங்கி நின்ற சைக்கிள் திருத்துகிறவர், "மிஸ், இது சும்மாதானே கிடக்கு?" என்று கேட்டார். அவர்தான் முதலாவது. பிறகு சல்லி என்ற கரையோர ஊரிலிருந்து அக்காவும் தங்கையுமாக இரண்டு பெண்கள் கருவாட்டுக்கடை போட்டார்கள். ஒரு போன் ரிப்பேர்க்காரர் வந்தார். போட்டோக்கொப்பி மெசின் வைத்திருந்த ஒருவர் வந்தார். தயிர் வியாபாரி ஒருவர் கிழமையில் மூன்று நாள் மட்டும் கடை தருவீர்களா என்று கேட்டார். தருவதாகச் சொல்லிவிட்டேன்.

அருளம்பலத்தார் அதற்கு மட்டும் முகத்தைச் சுளித்தார். "கிழமையில மூண்டு நாளைக்குக் கடை குடுக்கிற வழக்கம் எங்கயாவது இருக்கோ?"

"மிச்ச நாலு நாளும் இப்பவும் பூட்டித்தானே கிடக்கு, ஐயா."

அவர் சிரித்துவிட்டார். அவரிடம் எனக்குப் பிடித்தது அதுதான். நியாயம் என்று கண்டால் சிரித்துவிட்டு விட்டுக்கொடுப்பார்.

ஐப்பசிக்குள் ஐந்து கடைகள் நிரம்பிவிட்டன. ஆனாலும் ஒரு குறை இருந்தது. நகரப் பக்கமிருந்து வருகிற சனம் ஆறாம் கடை வரைக்கும் வரும். அங்கிருந்து திரும்பிவிடும். எட்டாம் கடையில் இருந்த பவானி அக்காவை ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. அவருக்கு அப்பால் இருந்த கடைகளை யாரும் கேட்கவும் இல்லை. காரணம் ஏழாம் கடை.

3. திறக்காத கடை

ஏழாம் இலக்கம் மற்றக் கடைகளைப் போல இரண்டு மடங்கு அகலம். நடு வரிசையில் அது நீளமாக மூடிக் கிடந்தால், வரிசை அதோடு முடிந்துவிட்டது என்றுதான் வருகிறவருக்குத் தோன்றும். பின்னேரமானால் அந்த இடம் இருட்டு. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வரும் பெண் பிள்ளைகள் அதைக் கடந்து வரப் பயந்தார்கள்.

அதை நான் திறக்க ஏலாது. ஏனென்றால் அது காலிக் கடை அல்ல. மாதா மாதம் வாடகை வந்துகொண்டிருந்தது. பாதி மூதூரிலிருந்து, பாதி நிலாவெளியிலிருந்து. ஷட்டரின் இடது மூலையில் ஒரு ஆமைப்பூட்டு, வலது மூலையில் ஒரு ஆமைப்பூட்டு. ஒன்றைத் திறக்கும் திறப்பு மூதூர்க் காசிம் நானாவிடம். மற்றதன் திறப்பு நிலாவெளித் தவராசா அண்ணையிடம். இரண்டு பேரும் பதினெட்டு வருடம் அங்கே கூட்டாக வலைக்கடை நடத்தியவர்கள். கோபித்துப் பிரிந்தபோது, மற்றவர் தனியே திறந்துவிடக்கூடாது என்று ஆளுக்கொரு பூட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே வலையும் மிதவையும் கயிறும் அப்படியே கிடந்தன.

"என்ன கோபம்?" என்று பவானி அக்காவைக் கேட்டேன்.

"சண்டை பிடிச்சதை நான் காணயில்லை. ஒருநாள் ரெண்டு பேரும் வந்து, ஒரு கதையும் இல்லாமல், ஆளுக்கொரு பூட்டைப் போட்டினம். அவ்வளவுதான்."

நான் பஸ் பிடித்து மூதூருக்குப் போனேன். காசிம் நானா சந்தைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வலைக்கடை வைத்திருந்தார். மெலிந்த மனிதர். என்னை இருத்தி, தேத்தண்ணியும் வாழைப்பழமும் தந்துவிட்டுத்தான் கதையைத் தொடங்க விட்டார்.

"என்ட பூட்ட இப்ப வேணுமெண்டாலும் துறப்பன், மிஸ். அவர் முதல்ல வந்து அவர்ர பூட்டத் துறக்கட்டும்."

"நீங்கள் முதல்ல திறந்தால் என்ன, நானா?"

"நான் பிழை செஞ்ச மாதிரி ஆயிடும். அதுதான் பார்க்கிறன்."

அடுத்த கிழமை நிலாவெளிக்குப் போனேன். தவராசா அண்ணை கரையில் வள்ளத்துக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல்.

"மிஸ், பாலம் வந்து வியாபாரம் குறைஞ்சது எனக்கும் தெரியும். மூதூரிலயும் ஒண்டு போடுவம் எண்டு என்னட்டக் கேட்டிருந்தால் நான் மாட்டன் எண்டு சொல்லியிருக்க மாட்டன். அவர் கடை போட்டு ஒரு மாசத்துக்குப் பிறகு, கயிறு வாங்க வந்த ஒருத்தன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பதினெட்டு வருசம் ஒரு பாத்திரத்தில சாப்பிட்ட ஆள்!"

"இப்ப அந்தக் கடை உங்களுக்கும் உதவயில்லை, அவருக்கும் உதவயில்லை. பக்கத்தில தைக்கிற அக்கா…"

"பவானி பாவம்தான். அவரைத் திறக்கச் சொல்லுங்கோ. நானும் திறக்கிறன்."

இப்படி மூன்று தடவை அங்கும் இங்கும் போய் வந்தேன். இரண்டு பேரும் என்னை ஒரு தடவைகூட முகம் கோணி அனுப்பவில்லை. காசிம் நானா ஒரு போத்தல் தேன் தந்தார். தவராசா அண்ணை பாரை மீன் தந்தார். திறப்பை மட்டும் இரண்டு பேரும் தரவில்லை.

4. மழை

கார்த்திகை பிறந்து ஒரு கிழமை விடாமல் மழை. ஒருநாள் காலை நான் குடையை மடக்குவதற்கு முன்பே பவானி அக்கா ஓடி வந்தார். ஏழாம் கடையிலிருந்து சுவரடியால் தண்ணீர் அவர் கடைக்குள் வந்துகொண்டிருந்தது. மழைத்தண்ணீர் ஓடுகிற கூரைப் பீலி அடைத்து, தண்ணீர் முழுதும் ஏழாம் கடைக்குள் இறங்கியிருக்க வேண்டும். பீலிக்கு ஏறுகிற வழியும் அந்தக் கடைக்குள்தான்.

சைக்கிள் திருத்துகிறவர் இரும்பு வாளோடு வந்துவிட்டார். "ரெண்டு பூட்டையும் அறுக்க அஞ்சு நிமிசம், மிஸ். சொல்லுங்கோ."

அறுத்தால் தண்ணீர் நிற்கும். ஆனால் அந்த இரண்டு மனிதரும் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்றும் தெரியும். நான் பவானி அக்காவைப் பார்த்தேன். கல்யாண வீட்டுக்காரர் கொடுத்த பட்டுத்துணிகளை அவர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கணுக்கால் வரைக்கும் தண்ணீர்.

"அறுக்க வேண்டாம் பிள்ளை. அவை ரெண்டு பேருக்கும் போன் பண்ணு. நான் துணியளை மேல தூக்கி வைக்கிறன்."

நஷ்டப்படப் போகிறவர் அவர். பொறுக்கச் சொன்னவரும் அவர்தான்.

இரண்டு பேருக்கும் ஒரே வசனத்தைத்தான் சொன்னேன்: "கடைக்குள்ள தண்ணி. பவானி அக்காவின்ர கடைக்கும் வருது." இரண்டு பேரும் வேறொன்றும் கேட்கவில்லை. தவராசா அண்ணை அரை மணித்தியாலத்தில் ஓட்டோவில் வந்து இறங்கினார். காசிம் நானாவுக்கு பஸ் பயணம். அவர் வரும் வரைக்கும் தவராசா அண்ணை தன் பூட்டைத் தொடாமல், பவானி அக்காவின் கடையிலிருந்து வாளியால் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார்.

காசிம் நானா தலைக்கு மேல் ஒரு பொலித்தீன் பையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஒருவர் இடது மூலைக்குப் போனார், மற்றவர் வலது மூலைக்குப் போனார். யார் முதலில் திறந்தார்கள் என்று பிறகு பலபேர் என்னைக் கேட்டார்கள். சத்தியமாக எனக்குத் தெரியாது. மழைச் சத்தத்தில் பூட்டுச் சத்தம் கேட்கவே இல்லை.

உள்ளே வலைக்கட்டுகள் தண்ணீரில் ஊறிக் கிடந்தன. மிதவைகள் தரையில் மிதந்தன. தவராசா அண்ணை பின்சுவரில் சாய்த்திருந்த மர ஏணியை எடுத்துப் பீலிக்கு ஏறினார். காசிம் நானா ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ், அவரக் கவனமாக் கால வைக்கச் சொல்லுங்க. மூணாம் படி எப்பவும் ஆடும்."

மேலிருந்து பெரிய குரல் வந்தது. "தெரியும் எண்டு சொல்லுங்கோ, மிஸ். அதுக்கு ஆணி அறைஞ்சதே நான்தான்."

"அதாலதான் ஆடுது எண்டு சொல்லுங்க."

மூன்றடி தூரத்தில் நின்ற இருவருக்கும் நடுவில் நான் அஞ்சல்காரியாக நின்றேன். பவானி அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். அவருக்குச் சிரிப்பு.

பீலிக்குள் ஒரு பழைய காகக்கூடும் ஒரு குவியல் பொலித்தீனும் இருந்தன. அவற்றை இழுத்து எறிந்ததும் தண்ணீர் வெளிப்பக்கம் பாயத் தொடங்கியது. பிறகு நாங்கள் எல்லோரும் சேர்ந்து வலைகளை விறாந்தைக்கு இழுத்தோம். ஈரவலையின் பாரம் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நாலு பேர் பிடித்தாலும் அசையாது.

எல்லாம் முடிய, பவானி அக்கா இஞ்சி போட்ட தேத்தண்ணி கொண்டுவந்தார். காசிம் நானா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி சொன்னார். இந்தத் தடவை என்னைக் கூப்பிடவில்லை.

"மூதூர்ல கடை பார்க்க முந்தி, அதச் சொல்லத்தான் ஒங்கட வீட்டுக்கு வந்த நான். வீடு பூட்டிக் கிடந்திச்சு. ஒங்கட மனிசிய ஆஸ்பத்திரியில வச்சிருக்கு எண்டு பக்கத்து வீட்ல சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்கும் வந்த நான். நீங்க அவட கட்டிலடியில தலையக் கவுத்துக்கொண்டு இருந்தீங்க. அந்த நேரம் போய்க் கடைக் கதை கதைக்கிறதா? திரும்பிட்டன். பிறகு நாள் போக, சொல்லுறதுக்கு வெக்கமாப் போயிட்டு."

தவராசா அண்ணை கோப்பை காலியான பிறகும் அதை உருட்டிக்கொண்டிருந்தார்.

"வந்ததைச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்தான்."

"அவ இப்ப சுகம். நடக்கிறா."

"கேள்விப்பட்ட நான்."

அவ்வளவுதான் கதைத்தார்கள். கட்டிப்பிடிக்கவுமில்லை, அழவுமில்லை. ஆனால் போகும்போது ஒருவரும் பூட்டுப் போடவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு, இரண்டு பூட்டையும் இரண்டு திறப்பையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

5. வெயில்

நாலு நாள் கழித்து வெயில் எறித்தது. வலைகளைக் காயப்போட வேண்டும். முதலாம் கடையிலிருந்து பதினாறாம் கடை வரைக்கும், விறாந்தைத் தூண்களில் கயிறு கட்டி, பச்சையும் நீலமுமாகத் தொங்கவிட்டோம். அதை அழகுக்காகச் செய்யவில்லை. வேறு இடம் இல்லை.

முதல் நாளே, ஜெட்டிப் பக்கமிருந்து வந்த இரண்டு மீன்பிடிகாரர் நின்றார்கள். "வலைக்கடை திறந்திட்டியளோ?" என்று கேட்டார்கள். தவராசா அண்ணை இல்லை என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டதை நான் பார்த்தேன். மறுநாள் பத்துப் பேர் வந்தார்கள். வலை பார்க்க வந்தவர்கள் வரிசையின் கடைசி வரைக்கும் நடந்தார்கள், ஏனென்றால் வலை கடைசி வரைக்கும் தொங்கியது. அப்படி நடந்தவர்களில் ஒருவர் பவானி அக்காவிடம் மகளின் பாடசாலைச் சட்டையைத் தைக்கக் கொடுத்தார். பதினோராம் கடையை ஒருவர் விசாரித்தார். வள்ள எஞ்சின் திருத்துகிறவர் அவர்.

பொங்கலுக்கு ஒரு கிழமை இருக்க, அருளம்பலத்தார் கொழும்புக்காரரைக் கூட்டிக்கொண்டு கட்டடம் காட்ட வந்தார். நான் பயந்துபோனேன். விறாந்தையில் வலைகளைக் குனிந்து விலக்கித்தான் அவர்கள் நடக்க வேண்டியிருந்தது. சல்லிச் சகோதரிகளின் கருவாட்டுக் கடையில் சனம் வழியை மறித்து நின்றது. தயிர்க்காரரின் நாளும் அது.

அருளம்பலத்தார் ஏழாம் கடைக்கு முன்னால் நின்றுவிட்டார். ஷட்டர் முழுதும் மேலே போயிருந்தது. உள்ளே தவராசா அண்ணையின் மகள் மிதவைகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, இது திறந்து கிடக்கிறதை நான் கண்டு எத்தனை வருசம்…" என்றவர், பக்கத்தில் நின்றவரிடம் திரும்பினார். "குறை நினைக்காதேங்கோ தம்பி. இதை நான் விக்கயில்லை. இந்தச் சனத்தை நான் எங்கை போகச் சொல்லுறது?"

கொழும்புக்காரர் நல்ல மனிதர். ஒரு கிலோ கருவாடு வாங்கிக்கொண்டு போனார்.

நான் ஓய்வு பெறும்போது, பதினாறில் பதினாலு கடைகள் நிரம்பியிருந்தன. மிச்சம் இரண்டையும் என்னால் நிரப்ப முடியவில்லை. அவற்றையும் காலையில் திறந்து கூட்டி, பின்னேரம் மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

6. இளையவர்களுக்கு

இந்த வேலைக்கு இப்போது வருகிறவர்கள் என்னிடம் வந்து, காலிக் கடையை நிரப்ப என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள். விளம்பரம், பெயின்ற், பேஸ்புக் எல்லாம் அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்வது ஒன்றுதான். மூடிய கடை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார். அந்த ஆளிடம் போங்கள். போனில் கேட்காதீர்கள். பஸ் ஏறிப் போய், தேத்தண்ணி குடித்துவிட்டுக் கேளுங்கள். முதல் தடவை உண்மைக் காரணம் வராது. நான் மூன்று தடவை போயும் எனக்கு வரவில்லை, மழைதான் அதைக் கொண்டுவந்தது. ஆனால் நான் மூன்று தடவை போயிராவிட்டால், அன்று காலை என் போனுக்கு அவர்கள் வந்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காசிம் நானாவும் தவராசா அண்ணையும் பழையபடி கூட்டாவார்கள் என்று எனக்கு ஒரு ஆசை இருந்தது. அது நடக்கவில்லை. சரக்கைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஏழாம் கடையைத் தவராசா அண்ணையும் மகளும் எடுத்தார்கள். காசிம் நானா மூதூர்க் கடையோடு நின்றுகொண்டார். எனக்கு ஏமாற்றம். பவானி அக்காவிடம் சொல்லிக் கவலைப்பட்டேன்.

அவர் வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டார்: "கடை திறந்தது காணாதோ பிள்ளை? சேர்த்து வைக்கிறதும் உன்ர வேலையோ?"

இல்லை, அது என் வேலை இல்லை. கடையைத் திறந்து விடுவதுதான் என் வேலை. அதற்குள் மனிதர் எப்படி இருக்க வேண்டும் என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். இதை விளங்கிக்கொள்ள எனக்கு நாள் எடுத்தது.

போன மாதம் ரவிக்கை தைக்கக் கொடுக்க அந்தப் பக்கம் போயிருந்தேன். ஏழாம் கடை வாசலில் ஒரு கதிரையில் காசிம் நானா இருந்தார். உள்ளே தவராசா அண்ணை யாருக்கோ கயிறு அளந்துகொண்டிருந்தார்.

"என்ன நானா, சரக்கு எடுக்க வந்தனீங்களோ?"

"இல்ல மிஸ். பஸ் நிலையத்துல ஒரு அலுவல். சும்மா பார்த்துட்டுப் போவம் எண்டு வந்த நான்."

நான் எட்டாம் கடைக்குள் போனேன். பவானி அக்கா அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துக்கொண்டே மெல்லிய குரலில் சொன்னார்: "ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் நிலையத்தில ஒரு அலுவலாம். காலமை எட்டு மணிக்கே வந்திடுவார். மத்தியானச் சாப்பாடும் இஞ்சைதான்."